புலாவ் உபின்: கம்பத்தில் குடியிருக்கலாம்... நிலம் யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூரில் "எங்க வீடு" என்று யாராவது சொன்னால் நமக்கு நினைவுக்கு வருவது புளோக் எண், மாடி எண், 99 ஆண்டுக் குத்தகை. குழாயைத் திறந்தால் தண்ணீர். சுவிட்சைத் தட்டினால் விளக்கு. அவசரம் என்றால் 995. ஆம்புலன்ஸ் புளோக் அடிக்கே வந்துவிடும்.

வடகிழக்குக் கடலில், சாங்கியிலிருந்து படகில் 10, 15 நிமிடத் தொலைவில் இருக்கும் புலாவ் உபினில் இதில் எதுவும் அப்படியே பொருந்தாது. அங்குள்ள கம்பத்து வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. தலைநிலத்தின் மின்கம்பி அங்கே போகவில்லை. பிறந்து வளர்ந்த வீடாகவே இருந்தாலும் காலடியில் உள்ள நிலம் பலருக்கும் சொந்தமில்லை.

வார இறுதியில் சைக்கிள் ஓட்டப் போகும் நமக்கு அது "பழைய சிங்கப்பூர்". அங்கே குடியிருப்பவர்களுக்கு அது அன்றாட வாழ்க்கை. அந்த வாழ்க்கை எப்படி நடக்கிறது? வீடு, நிலம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? ஆபத்து வந்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இந்தோனேசியாவின் கடலோரக் கம்பங்களில் நடந்திருப்பவை நமக்கு என்ன காட்டுகின்றன?

சுருக்கமாக:

• புலாவ் உபினின் பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவு. இன்று நிரந்தரமாகக் குடியிருப்போர் சில பத்துப் பேர்தான்.

• பல வீடுகள் அரசாங்கம் கையகப்படுத்திய நிலத்தில் உள்ளன. குடியிருப்போர் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின்கீழ் இருக்கிறார்கள். அது குத்தகையும் அல்ல, சொத்துரிமையும் அல்ல.

• யாரையும் வெளியேற்றப்போவதில்லை என்று அரசாங்கம் 2013இல் தெளிவுபடுத்தியது. தீவை இயன்றவரை இப்போதுள்ள இயற்கைச் சூழலிலேயே வைத்திருப்பது அதன் நிலைப்பாடு.

• காடும் கடலோரமும் பாதுகாக்கப்படுகின்றன. கம்பத்து மக்களின் தொடர்ச்சிக்கு அப்படியொரு ஏற்பாடு கிடையாது.

உபினில் மக்கள் எப்படிக் குடியேறினார்கள்?

தீவுக்குப் பெயர் தந்தது கருங்கல். தரையில் பதிக்கும் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து "உபின்" வந்ததாகச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே கல் வெட்டப்பட்டது. பெட்ரா பிராங்கா தீவில் 1851இல் ஒளி ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கல்லில் கட்டப்பட்டது. ஜொகூர்க் கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது.

நம் சமூகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்காக உபினில் கல் உடைத்தவர்களில், இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகளும் இருந்தனர். அவர்கள் தீவில் தங்கவில்லை. அவர்கள் வெட்டிய கல் இன்றும் கடலில் நிற்கிறது.

1880களில் காலாங் ஆற்றுப் பகுதியிலிருந்து எண்டுட் செனின் என்பவர் தலைமையில் மலாய்க் குடும்பங்கள் வந்து குடியேறியதாகச் சொல்லப்படுகிறது. கம்போங் மலாயு அப்படி உருவானது. கல் குவாரி வேலைக்கு வந்த சீனக் குடும்பங்கள் படகுத்துறையைச் சுற்றிக் கடை, கோயில், நாடக மேடை என்று ஊரை வளர்த்தன. ரப்பர், தென்னை, மீன்பிடிப்பு, கோழிப்பண்ணை, இறால் குட்டை எல்லாம் இருந்தன.

1952இல் தொடங்கிய பின் கியாங் பள்ளி 1985இல் மாணவர்கள் இல்லாமல் மூடப்பட்டது. கடைசிக் கல் குவாரி 1999இல் நின்றது. வேலை போனது, பள்ளி போனது. இளையவர்கள் தலைநிலத்துக்குப் போய் வீவக வீடு வாங்கினார்கள். பெரியவர்கள் மட்டும் தங்கினார்கள். மக்கள்தொகை குறைந்ததற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது?

தண்ணீர்: கிணறுதான் ஆதாரம். மழைநீரையும் பிடித்து வைப்பார்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது தலைநிலத்திலிருந்து வாங்கி வர வேண்டும்.

மின்சாரம்: பெரும்பாலான வீடுகளுக்கு டீசல் ஜெனரேட்டர்தான். டீசலும் படகில்தான் வர வேண்டும். அதனால் எந்த நேரம் போடுவது, எப்போது அணைப்பது என்று கணக்குப் பார்த்துத்தான் ஓட்டுவார்கள். எரிசக்திச் சந்தை ஆணையம் 2013இல் படகுத்துறைப் பகுதியில் சூரிய ஒளியையும் உயிரி டீசலையும் பயன்படுத்தும் சிறு மின்கட்டமைப்பைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அப்பகுதிக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அது கைகொடுத்தது. உள்ளே தள்ளி இருக்கும் வீடுகளுக்குக் கம்பி இழுப்பது வேறு கதை.

போக்குவரத்து: 12 பேர் ஏறும் பழைய பாணி மோட்டார்ப் படகு. நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். அவசரம் என்றால் 12 பேருக்கான கட்டணத்தையும் நீங்களே கொடுத்துக் கிளம்பச் சொல்லலாம். புயல் காற்றோ மின்னலோ இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

வருமானம்: சைக்கிள் வாடகை, உணவுக்கடை, குளிர்பானக் கடை, வேன் சவாரி. பெரும்பாலும் வார இறுதியை நம்பிய பிழைப்பு. திங்கட்கிழமை மழை பெய்தால் கடையைத் திறப்பதும் திறக்காததும் ஒன்றுதான்.

வீடு யாருடையது? நிலம் யாருடையது?

கதையின் மையம் இதுதான். ஒரு சின்னப் பின்னணியோடு பார்ப்போம்.

1960இல் சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 44 விழுக்காடு அரசாங்கத்திடம் இருந்தது. 1985க்குள் அது சுமார் 76 விழுக்காடானது. அதற்கு முக்கியக் கருவி 1966ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம். பொது நோக்கத்துக்குத் தேவை என்றால் அரசாங்கம் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், இழப்பீடு தர வேண்டும். நெடுங்காலம் அந்த இழப்பீடு சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கக்கூடிய வகையில் கணக்கிடப்பட்டது. 2007இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகுதான் முழுச் சந்தை விலை வழக்கமானது.

வீவக அடுக்குமாடிகள், எம்ஆர்டி பாதைகள், தொழிற்பேட்டைகள் எல்லாம் எழுந்த நிலம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். கம்பங்கள் கலைந்ததும் இப்படித்தான்.

உபினிலும் 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பொழுதுபோக்குப் பூங்கா போன்ற திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டது. திட்டம் நடக்கவில்லை. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அதாவது, காகிதத்தில் நிலம் கை மாறியது, வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. ஆண்டுகள் ஓடின.

2013இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு மார்ச்சில், கையகப்படுத்தப்பட்ட நிலத்தில் வசித்த 22 குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் நில ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தது. கடிதத்தின் தலைப்பில் "சாகசப் பூங்கா" மேம்பாட்டுக்காகக் கையகப்படுத்தப்பட்ட கட்டடங்களை அகற்றுவது பற்றி இருந்தது. படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்களா?" என்ற கேள்வி தீவைத் தாண்டி நாடெங்கும் பரவியது.

தேசிய வளர்ச்சி அமைச்சும் நில ஆணையமும் விளக்கம் தந்தன:

• யாரையும் வெளியேற்றும் திட்டம் இல்லை. சாகசப் பூங்கா கட்டும் திட்டமும் இல்லை.

• தொடர்ந்து வசிக்க விரும்புவோர் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்று, அதற்கான கட்டணம் செலுத்த வேண்டும். தீவில் அரசாங்க நிலத்தில் வசிக்கும் மற்றவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் செலுத்தி வருகின்றனர்.

• கட்டணம் ஒரேயடியாக வராது, சில ஆண்டுகளில் படிப்படியாக உயரும்.

பயம் தணிந்தது. ஆனால் அதுவரை பலர் யோசித்தே பார்க்காத ஓர் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. தலைமுறைகளாக வாழ்வது வேறு, சட்டப்படி சொந்தமாக இருப்பது வேறு.

உரிமம் என்றால் என்ன? குத்தகையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வீவக வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முழுச் சொந்தம் அல்ல, 99 ஆண்டுக் குத்தகை. ஆனால் அந்தக் காலத்துக்குள் நீங்கள் அதை விற்கலாம், விதிமுறைக்கு உட்பட்டு வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். அரசாங்கம் திரும்ப எடுத்தால் இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு.

தற்காலிகக் குடியிருப்பு உரிமம் அப்படியல்ல. "இந்த நிலத்தில் நீங்கள் இருக்க அனுமதிக்கிறோம்" என்பதுதான் அதன் பொருள். அது உரிமம் பெற்றவரின் பெயரோடு நிற்கிறது. விற்க முடியாது, வேறொருவருக்கு மாற்ற முடியாது, பரம்பரைச் சொத்தாகத் தானாகவே பிள்ளைக்குப் போகாது. குறுகிய கால முன்னறிவிப்புடன் முடித்துக்கொள்ளவும் முடியும்.

நடைமுறையில் இது எப்படித் தெரியும்? கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கப் பல ஆயிரம் வெள்ளி ஆகலாம். ஆட்கள், மரம், தகரம் எல்லாம் படகில் வர வேண்டும். அடுத்த பத்தாண்டு இங்கே இருப்போமா என்று உறுதியாகத் தெரியாதவர் அவ்வளவு பணத்தைப் போடத் தயங்குவார். உரிமையின் பலவீனம் கடைசியில் கூரையில் வந்து நிற்கிறது. ஒழுகும் கூரை பிறகு பாதுகாப்புப் பிரச்சினையாகிறது.

ஆபத்து வந்தால் என்ன ஆகும்?

உபினில் மருத்துவமனை கிடையாது. நெஞ்சுவலி வந்தால் முதலில் வேன், பிறகு படகு, அதற்குப் பிறகுதான் சாங்கியில் ஆம்புலன்ஸ். பகலில் இது சமாளிக்கக்கூடியது. நள்ளிரவில், மழையில், தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு நிலைமையே வேறு. தீவில் காவல் நிலையம் இருக்கிறது. கடலோரக் காவல் படையும் சுற்றி வருகிறது. ஆனாலும் முதலில் ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரும் எழுபதைத் தாண்டியவராக இருந்தால்?

தீ: மரச்சுவர், தகரக் கூரை, ஜெனரேட்டர், டீசல் கலன். குழாய்த் தண்ணீர் இல்லாத இடம். கம்பத்தில் தீ என்றால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் பார்த்தது. ஒரே நாளில் சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். ஓராண்டுக்குள் அங்கே அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. கம்பங்களைக் கலைத்து மக்களை மாடிவீடுகளுக்கு மாற்றுவதற்குப் பாதுகாப்பு ஒரு வலுவான காரணமானது அதற்குப் பிறகுதான்.

கடல்: சுமத்ராவும் மலாய்த் தீபகற்பமும் அரணாக இருப்பதால் சிங்கப்பூருக்குச் சுனாமி ஆபத்து குறைவு. ஆனால் கடல்மட்டம் உயர்வதிலிருந்து தப்ப முடியாது. 2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வின்படி, கரிம வெளியேற்றம் மிக அதிகமாகத் தொடர்ந்தால் 2100க்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம். நாட்டின் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் உள்ளது. 2020 முதல் கரையோரப் பாதுகாப்புப் பொறுப்பு பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் இருக்கிறது.

உபினின் வடகரையில் அரிப்பு ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறது. கப்பல், படகுகளின் அலைகள் கரையைத் தின்கின்றன. தேசியப் பூங்காக் கழகம் அங்கே சீரமைப்புப் பணிகளில் இறங்கியது. தொண்டூழியர்கள், கைவிடப்பட்ட பழைய இறால் குட்டைகளில் சதுப்புநிலக் காட்டை மீண்டும் வளர்க்க முயல்கின்றனர்.

மற்ற தீவுகளில் வாழ்ந்தவர்கள் எங்கே?

உபின் ஒரு விதிவிலக்கு. தெற்குத் தீவுகளில் வாழ்ந்தவர்களின் கதை வேறு மாதிரி முடிந்தது.

புலாவ் சூடோங் மக்கள் 1970களின் பிற்பகுதியில் மாற்றப்பட்டனர். இன்று அது ராணுவப் பயிற்சி வட்டாரம். புலாவ் செக்கிங் மக்கள் 1990களின் தொடக்கத்தில் வெளியேறினர். அந்தத் தீவு, 1999இல் செயல்படத் தொடங்கிய செமக்காவ் குப்பை நிரப்பு நிலத்தோடு ஒன்றாகிவிட்டது. தீவுவாசிகள் பலர் தெலுக் பிளாங்கா, புக்கிட் மேரா, வெஸ்ட் கோஸ்ட் பகுதிகளில் வீவக வீடுகளுக்குச் சென்றனர்.

தண்ணீர், மின்சாரம், மருந்தகம், பள்ளி எல்லாம் பக்கத்தில் வந்தன. பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடியது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மீன் பிடிக்கக் கடலுக்கு இறங்கும் படி, படகைக் கட்டும் இடம், பக்கத்து வீட்டு உறவு இவற்றுக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடம் இருக்கவில்லை.

இந்தோனேசியாவில் நிலைமை என்ன? ரெம்பாங் தீவைப் பாருங்கள்

ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாமுக்கு ஃபெரியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து வரிசையாக அமைந்த பாலங்கள் வழியாகத் தெற்கே போனால் ரெம்பாங். பரப்பளவு சுமார் 165 சதுர கிலோமீட்டர், உபினைப் போல் 16 மடங்கு. கடலோரத்தில் சிதறிக் கிடக்கும் மலாய்க் கம்பங்களில் சுமார் 7,500 பேர் வசித்தனர். முக்கியத் தொழில் மீன்பிடிப்பு.

2023இல் "ரெம்பாங் இக்கோ சிட்டி" என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. தொழிற்பேட்டை, சுற்றுலா, வீடமைப்பு எல்லாம் சேர்ந்த பெரிய திட்டம். சீனாவின் சின்யி நிறுவனம் கண்ணாடி, சூரியத் தகடு ஆலைகளில் முதலீடு செய்வதாக இருந்தது. மக்கள் இடம்பெயர வேண்டும் என்று சொல்லப்பட்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி நிலத்தை அளக்க வந்த அதிகாரிகளுடன் பாதுகாப்புப் படையினரும் வந்தனர். மக்கள் வழிமறித்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டனர். செப்டம்பர் 11ஆம் தேதி பாத்தாமில் நடந்த ஆர்ப்பாட்டம் கலவரமானது, பலர் கைது செய்யப்பட்டனர்.

அரசாங்கம் முன்வைத்த ஏற்பாடு: குடும்பத்துக்கு 500 சதுர மீட்டர் நிலம், 120 மில்லியன் ரூப்பியா மதிப்பில் 45 சதுர மீட்டர் வீடு, அது தயாராகும்வரை வாடகைக்கும் செலவுக்கும் உதவித்தொகை. முதலில் பக்கத்துத் தீவான காலாங்குக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். எதிர்ப்புக்குப் பிறகு, ரெம்பாங்கிலேயே தஞ்சோங் பானுனில் புதிய வீடுகள் என்று மாற்றினார்கள். சில குடும்பங்கள் சென்றன. மற்றவர்கள் மறுத்தனர். 2024 டிசம்பரில் மீண்டும் வன்முறை வெடித்து மக்கள் காயமடைந்தனர்.

தலைமுறைகளாக வாழ்ந்தவர்களிடம் பத்திரம் இல்லையா?

பலரிடம் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960இல் வந்தது. அது மரபுவழி உரிமையை ஏற்கிறது, ஆனால் தேச நலனுக்கு முரண்படாத வரையில் என்ற நிபந்தனையுடன். கம்பத்தில் நிலம் வாய்வார்த்தையில் கை மாறும். தென்னை மரமும் ஓடையும் எல்லைக்கல். ஊர்த்தலைவர் எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்று இருக்கலாம். நில அலுவலகத்தில் பதிவான சான்றிதழ் இருக்காது.

பாத்தாமில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1973இல் அதிபர் ஆணை மூலம் தீவைத் தொழில் வட்டாரமாக வளர்க்கும் பொறுப்பும் நில நிர்வாகமும் ஒரு தனி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1992இல் அந்த எல்லை ரெம்பாங், காலாங் தீவுகளுக்கும் நீண்டது. கம்பத்துக்காரர் வழக்கம்போல் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடி நிலம் இன்னோர் அலுவலகத்தின் வரைபடத்துக்குள் போய்விட்டது.

உபினும் ரெம்பாங்கும் ஒன்றல்ல. உபினில் கையகப்படுத்தல் சட்டப்படி நடந்து பல காலம் ஆகிறது. கலவரம் இல்லை, கண்ணீர்ப்புகை இல்லை, மக்கள் எண்ணிக்கையும் மிகக் குறைவு. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: நீண்ட காலம் வாழ்ந்ததற்கு ஏதாவது சட்ட மதிப்பு உண்டா?

பாதுகாப்புக்காக இடம்பெயர்த்தால் அது நியாயம்தானே?

எளிதாகப் பதில் சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு இரண்டு இடங்களில் நடந்ததைப் பார்க்கலாம்.

ஆச்சே: இந்தோனேசியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். கடலிலிருந்து 2 கிலோமீட்டர் வரை யாரும் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் ஏற்கவில்லை. கடலைவிட்டுப் போனால் பிழைப்பு எங்கே என்று கேட்டார்கள். அந்த யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதில் நடந்தது முக்கியமானது. நில ஆவணங்கள் வெள்ளத்தில் போயிருந்தன, எல்லைகளே அழிந்திருந்தன. உயிர் பிழைத்தவர்கள் கூடி உட்கார்ந்து, "இது உன் இடம், இது என் இடம்" என்று ஒப்புக்கொண்டு எல்லை குறித்தார்கள். அதை அதிகாரிகள் அளந்து பதிவு செய்தார்கள். ஊரே சாட்சியாக நின்று பத்திரம் உருவானது.

தமிழ்நாடு: 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களிடம் தெரிவு விடப்பட்டது. உள்ளே தள்ளிப் போக ஒப்புக்கொண்டால் அரசு செலவில் வீடு. போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தால் பழுதுபார்ப்பு அவர்கள் சொந்தச் செலவு. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பது ஒரு பக்கம். ஏழை மீனவருக்கு அது உண்மையில் தெரிவுதானா என்ற கேள்வி மறுபக்கம்.

ஆபத்திலிருந்து மக்களைக் காப்பது வேறு, காலியான நிலத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது வேறு. இடம்பெயர்ந்தவர் பெயரில் உறுதியான பத்திரம் கொடுக்கப்படுகிறதா, விட்டுவந்த கரை பிறகு யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால், சொல்லப்படும் காரணம் உண்மையா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பாதுகாப்பு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெலுவே தீவில் 1907ஆம் ஆண்டுச் சுனாமியின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். "ஸ்மோங்" என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டால் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004இல் அதிர்வு மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேரில் மாண்டவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியுள்ளது. அந்த அறிவு அங்கே வாழ்ந்த மக்களிடம் இருந்தது. மக்கள் கலைந்தால் அதுவும் கலைந்துவிடும்.

உபினில் எது காப்பாற்றப்பட்டது?

தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா கடலோரத்தைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்கள் அங்கே உள்ள கடல்வாழ் உயிரினங்களைப் பதிவு செய்து எடுத்துச் சொன்னார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 2001 டிசம்பரில் அந்தத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. தீவு மேம்பாட்டுக்குத் தேவைப்படாத வரையில் அது தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. 2007இல் அங்கே நடைபாலம் திறக்கப்பட்டது.

2014இல் "உபின் திட்டம்" தொடங்கப்பட்டு, தீவின் எதிர்காலம் பற்றிப் பொதுமக்களிடம் கருத்து கேட்கப்பட்டது. தேசியப் பூங்காக் கழகம் இப்போது தீவை நிர்வகிக்கும் முதன்மை அமைப்பு. பழைய வீடுகள் சில பழுதுபார்க்கப்பட்டுள்ளன. 363பி எண் கொண்ட வீடு, 1970களின் மளிகைக்கடை எப்படி இருந்தது என்பதைக் காட்டும் இடமாக உள்ளது.

நீங்கள் போகும்போது கவனிக்க வேண்டியவை

• கடப்பிதழ் தேவையில்லை. ஆனால் கைப்பேசியில் சில சமயம் மலேசியத் தொலைத்தொடர்பு அலை வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டு இணையச் சேவையை அணைத்துவிடுங்கள்.

• ரொக்கம், குடிநீர், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து மூன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

• பழைய குவாரிகள் ஆழமானவை. தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள்.

• காட்டுப்பன்றி, குரங்குகளுக்கு உணவு தராதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தாலே அவை பின்தொடரும்.

• கதவு திறந்திருக்கும் வீடு கண்காட்சிக்கூடம் அல்ல. உள்ளே ஆள் இருக்கிறார். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

• மாலை இருட்டுவதற்கு முன் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்து என்ன?

தீவு அப்படியே இருக்கும் என்பது ஓரளவு உறுதி. கம்பம் அப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி. இன்று அங்கே வசிப்போரில் பலர் முதியவர்கள். அவர்களின் பிள்ளைகள் பொங்கோல், தெம்பனிஸ் போன்ற நகர்களில் வசிக்கும் தலைமுறை. உரிமம் தானாகக் கை மாறாது. புதிதாக யாரும் உபினில் குடியேறவும் வழி இல்லை. அதனால் யாரும் யாரையும் வெளியேற்றாமலேயே ஒவ்வொரு வீடாகப் பூட்டப்படும் நிலை வரலாம்.

சில வழிகள் பேசப்படக்கூடியவை. தீவில் வளர்ந்த பிள்ளைகள் விரும்பினால் உரிமத்தைத் தொடர அனுமதிப்பது, நீண்ட கால உரிமம் தருவது, பழுதுபார்ப்புச் செலவில் பங்கேற்பது, முதியவர்களுக்கு இரவு நேர மருத்துவப் படகு ஏற்பாடு செய்வது. எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. சில பத்துப் பேருக்காகப் பொதுப்பணத்தில் இவ்வளவு செய்யலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு.

ஆனால் முடிவு எதுவானாலும் காலம் குறைவு. வீட்டைப் பழுதுபார்த்து வைக்கலாம், காட்டை வளர்க்கலாம். எந்தக் கிணற்றுத் தண்ணீர் கோடையிலும் வற்றாது, எந்த மாதம் எந்தப் பக்கம் படகைக் கட்டக்கூடாது என்பதெல்லாம் அங்கேயே வாழ்ந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.